ஆர்சனல் ஸ்டேடியம் மிஸ்டரி (1939): கொலை சுமார், மைதானம் அபாரம்

பழையரீல்:

பழைய பிரிட்டிஷ் துப்பறியும் படம் என்று பேச்செடுத்தாலே இங்கே எல்லோரும் ஹிட்ச்காக்கில் போய் நின்றுவிடுகிறோம். அதே காலத்தில் கையைச் சுருக்கிச் செலவு செய்து எடுத்த சின்னப் படங்கள் எத்தனையோ இருக்கின்றன. அதில் ஒன்றுக்காக இந்த இழை.

லெனார்டு கிரிபிள் எழுதிய நாவல். டெய்லி எக்ஸ்பிரஸ் பத்திரிகையில் தொடராக வந்தது. படத்தை இயக்கியவர் தொரோல்ட் டிக்கின்சன். கதை இதுதான்: லண்டன் ஹைபரி மைதானத்தில் ஆர்சனலும் ட்ரோஜன்ஸ் என்ற அமெச்சூர் அணியும் மோதும் நட்புக் கால்பந்து ஆட்டம். ஆட்டத்தின் நடுவிலேயே ட்ரோஜன்ஸ் வீரன் டாய்ஸ் சுருண்டு விழுந்து சாகிறான். விஷம். பெண்கள் விஷயத்தில் ஆள் சரியில்லை, அதனால் கூட விளையாடுகிறவர்களிலேயே பகையாளிகள் உண்டு. ஸ்காட்லாந்து யார்டிலிருந்து இன்ஸ்பெக்டர் ஸ்லேடு வந்து இறங்குகிறார். லெஸ்லி பேங்க்ஸ் நடித்திருக்கிறார்.

ட்ரோஜன்ஸ் கற்பனை அணி. ஆர்சனல் நிஜம். மேனேஜர் ஜார்ஜ் அலிசன் அவராகவே வந்து வசனம் பேசுகிறார். கிளிஃப் பாஸ்டின், எடி ஹாப்குட், டெட் டிரேக் எல்லாம் அவர்களாகவே வருகிறார்கள். மைதானக் காட்சிகளுக்கு 1939 மே 6-ம் தேதி நடந்த ஆர்சனல் - பிரென்ட்ஃபோர்டு லீக் ஆட்டத்தையே படம் பிடித்துப் பயன்படுத்தினார்கள். லாங் ஷாட்டில் ட்ரோஜன்ஸாக ஓடுகிறவர்கள் பிரென்ட்ஃபோர்டு வீரர்கள்!

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மர்மக் கதையாகப் பார்த்தால் இது நூற்றுக்கு ஐம்பது மார்க். ஆனால் காசு இல்லாததால் நிஜத்தை உள்ளே கொண்டுவந்தார்கள் பாருங்கள், அதனால்தான் இன்றைக்கும் பார்க்க முடிகிறது. காசு இருந்திருந்தால் ஸ்டுடியோவில் அட்டை மைதானம் போட்டிருப்பார்கள், நாமும் மறந்திருப்போம்.

ஒரே வேண்டுகோள்: கொலையாளி யாரென்று யாரும் போட்டு உடைக்க வேண்டாம். 80 வருடம் தாண்டிய படம்தானே என்ற சமாதானம் செல்லாது.

துப்புதுலக்கி:

ஐம்பது மார்க்கே தாராளம்.

நாவலைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கிரிபிள் மலைமலையாக எழுதித் தள்ளியவர். ஸ்லேடு அவருடைய தொடர் பாத்திரம், 1929-லிருந்தே வருகிறார். புத்தகத்து ஸ்லேடு நிதானமான ஆள். கேள்வி கேட்பார், குறித்துக்கொள்வார், சார்ஜென்ட் கிளின்டனோடு பேசிப் பார்ப்பார், அடுத்த ஆளிடம் போவார். உப்புச் சப்பில்லாதவர் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அந்த நிதானத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. துப்பு நம் கண் முன்னால் வைக்கப்படும். கண்டுபிடிக்க முடிந்தால் கண்டுபிடித்துக்கொள் என்று விட்டுவிடுவார்.

படத்தில் அந்த ஆளையே கோமாளி ஆக்கிவிட்டார்கள். அறிமுகக் காட்சியே போலீஸ்காரர்களுக்கு பாலே பாவாடை மாட்டி ஆட்டம் சொல்லித் தருவது. அப்புறம் வேளைக்கு ஒரு தொப்பி. இவர் கொலையைத் துப்புத் துலக்குகிறாரா, நாடகக் கம்பெனி நடத்துகிறாரா?

இன்னொன்று. நிஜ ஆர்சனல் வீரர்களை உள்ளே கொண்டுவந்ததுதான் படத்தின் பலம் என்கிறீர்கள். மர்மக் கதைக்கு அதுதான் ஓட்டை. பாஸ்டினும் ஹாப்குடும் கொலைகாரர்களாக இருக்க முடியுமா? எந்தக் கிளப் சம்மதிக்கும்? ஆக மைதானத்தில் இருக்கும் இருபத்திரண்டு பேரில் பதினொரு பேர் டிக்கெட் வாங்கும்போதே நிரபராதி ஆகிவிடுகிறார்கள். செத்தவனைக் கழியுங்கள். மிச்சம் பத்து பேர். அதில் வசனம் பேசுகிறவர்களை எண்ணினால் ஒரு கை விரல் போதும்.

முட்டைபோண்டா:

போலீஸ்காரர்களுக்குப் பாலே பாவாடையா? இதைச் சொன்ன பிறகு நான் எப்படிப் பார்க்காமல் இருப்பது?

வடக்குமேடை:

நம்ம ஏரியாவுக்கு வந்துவிட்டீர்கள். மர்மத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், கால்பந்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அந்த நேரத்து ஆர்சனல் சாதாரண அணி இல்லை. 1931, 33, 34, 35, 38 என்று எட்டு வருடத்தில் ஐந்து லீக் பட்டம். டெட் டிரேக் 1935 டிசம்பரில் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஏழு கோல் போட்டவர். பிரின் ஜோன்ஸை 1938-ல் 14,000 பவுண்டு கொடுத்து வாங்கினார்கள். அப்போது அது உலக சாதனை, நாடாளுமன்றம் வரை பேச்சானது. ஆனால் அந்த ஜோன்ஸின் கைக்கு வந்த சம்பளம்? ஆட்டப் பருவத்தில் வாரத்துக்கு எட்டு பவுண்டுதான் உச்சவரம்பு. எந்த நட்சத்திரமாக இருந்தாலும் அதே எட்டு. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு படத்தைப் பாருங்கள், ட்ரோஜன்ஸ் ஆட்களின் கோட்டும் காரும் வேறு மாதிரி தெரியும். காசு வாங்காமல் விளையாடுகிற கனவான்கள் அவர்கள். கொலை, பொறாமை, காதலி தகராறு எல்லாமே அந்தக் கனவான் அறைக்குள்தான். கூலிக்கு விளையாடுகிறவர்கள் குளித்து, தலை வாரி, வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

துப்புதுலக்கி சொன்ன அந்தப் பதினொரு நிரபராதி விஷயத்தை நான் இப்படிப் பார்க்கிறேன். அது ஓட்டையாகவே இருக்கட்டும், ஆனால் அந்த ஓட்டை வழியாகத்தான் அன்றைய இங்கிலாந்தின் வர்க்க பேதம் எட்டிப் பார்க்கிறது. ட்ரோஜன்ஸ் மாதிரி அணிகளின் காலமும் அப்போது முடிந்துகொண்டிருந்தது. கனவான் கால்பந்துக்குப் பேர்போன கொரிந்தியன்ஸ் கிளப் அதே 1939-ல்தான் கேஷுவல்ஸ் கிளப்போடு இணைந்தது.

அலிசனைப் பற்றி ஒரு வார்த்தை. பத்திரிகையில் இருந்தவர், ரேடியோ வர்ணனை செய்தவர். கேமரா முன்னால் அவ்வளவு இயல்பாக நிற்பதற்கு அதுதான் காரணம். ஒரு கோல் முன்னணியில் இருக்கிறோம், நமக்கு அதுதான் பிடிக்கும் என்று அவர் வீரர்களிடம் சொல்லும் இடம் ஒன்று வரும். ஐம்பது வருடம் கழித்து ஜார்ஜ் கிரகாம் மேனேஜராக இருந்த காலத்தில் அதே ஒன்றுக்குப் பூஜ்ஜியம் ஆர்சனல் கூட்டத்தின் பாட்டாகவே ஆனது. தியேட்டரில் இந்தக் காட்சிக்கு ரசிகர்கள் விசிலடிக்கிறார்கள் என்றால் ஆச்சரியமில்லை.

வெட்டுமேசை:

எடிட்டிங் வேலையில் இருப்பதால் நான் இந்தப் படத்தைக் கதைக்காகப் பார்க்கவில்லை, ஒட்டு எங்கே தெரிகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அவர்கள் முன்னால் இருந்த பிரச்சினையை யோசித்துப் பாருங்கள். கையில் ஒரு நிஜ ஆட்டம் இருக்கிறது. அதை மறுபடி எடுக்க முடியாது. யார் கோல் போடுவார், பந்து எந்தப் பக்கம் போகும், மேகம் எப்போது மூடும், எதுவும் இயக்குநர் கையில் இல்லை. இன்னொரு பக்கம் நடிகர்கள். அவர்களைத் தனியாக, கிட்டத்தில் வைத்து எடுத்தாக வேண்டும். இந்த இரண்டையும் ஒரே ஆட்டம் என்று நம்ப வைக்க வேண்டும்.

இதில் மூன்று விஷயம் அவர்களுக்குக் கை கொடுத்திருக்கிறது.

முதலாவது ஜெர்சி. ஆர்சனல் 1933-லிருந்து சிவப்பு உடம்பு, வெள்ளைக் கை. கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பு அடர்ந்த சாம்பலாகிவிடும், வெள்ளைக் கை மட்டும் பளிச்சென்று நிற்கும். எவ்வளவு தூரத்தில் ஓடினாலும் ஆர்சனல்காரன் யாரென்று தெரிந்துவிடும். பிரென்ட்ஃபோர்டின் வழக்கமான சட்டை சிவப்பு வெள்ளைப் பட்டை. அன்றைக்கு மாற்று உடையில் வெள்ளைச் சட்டை போட்டு ஆடினார்கள். நடிகர்களுக்கும் வெள்ளைச் சட்டை மாட்டினால் முடிந்தது வேலை.

அடுத்து முதுகு எண். 1939-40 பருவத்தில்தான் லீக் எண்களைக் கட்டாயமாக்கியது. இந்த ஆட்டம் அதற்கு முந்தைய பருவத்தின் கடைசி ஆட்டம். முதுகில் எண் கிடையாது. எண் இருந்திருந்தால் லாங் ஷாட்டில் ஒன்பதாம் எண்காரன் வலது ஓரத்தில் ஓட, க்ளோசப்பில் அதே ஆள் நடுவில் நிற்க, மொத்தமும் நாறியிருக்கும். சில மாதம் தள்ளி எடுத்திருந்தால் இந்தத் தந்திரமே பலித்திருக்காது.

மூன்றாவதுதான் என்னை அசத்தியது. வர்ணனை. காமான்ட் பிரிட்டிஷ் செய்திப்படங்களின் குரலான எம்மெட் அவராகவே வந்து ஆட்டத்தை வர்ணிக்கிறார். படம் எங்கே வெட்டினாலும் குரல் வெட்டுப்படாமல் ஓடுகிறது. காது ஒரே ஆட்டம் என்று நம்பிவிட்டால் கண் தானாக அடங்கிவிடும். கல்யாண வீடியோவில் ஒட்டாத ஷாட்டுகளுக்கு அடியில் நாதஸ்வரத்தை ஓட விடுகிறோமே, அதே வித்தை.

டிக்கின்சன் இயக்குநர் ஆவதற்கு முன்னால் எடிட்டர். அது அங்கங்கே தெரிகிறது. ஒரு முகம் சட்டென்று வரும், அடுத்த நொடி கூட்டம், அடுத்து பந்து. யாரும் எதையும் விளக்க மாட்டார்கள்.

துப்புதுலக்கி:

எண் விஷயம் எனக்குப் புதுசு. நல்ல கண் உங்களுக்கு. ஆனால் இதெல்லாம் எப்படி எடுத்தார்கள் என்பதற்கான பாராட்டு. என்ன எடுத்தார்கள் என்பதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கொட்டகைக்காரர்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். "சின்ன பட்ஜெட்" என்று எல்லோரும் போகிறபோக்கில் சொல்கிறீர்கள். கொஞ்சம் கறாராகப் பேசலாம்.

பிரிட்டனில் 1927-ல் ஒரு சட்டம் வந்தது. ஹாலிவுட் வெள்ளத்தில் உள்ளூர்ப் படம் முங்கிப் போகாமல் இருக்க, விநியோகஸ்தரும் தியேட்டர்காரரும் குறிப்பிட்ட சதவீதம் பிரிட்டிஷ் படம் வைத்தே ஆக வேண்டும் என்றார்கள். அமெரிக்கக் கம்பெனிகள் என்ன செய்தன? கணக்குக் காட்டுவதற்காக அடி ஒன்றுக்கு ஒரு பவுண்டு என்ற வீதத்தில் அவசர அவசரமாக எடுக்கச் சொல்லி வாங்கிப் போட்டன. அவற்றைத்தான் கோட்டா குவிக்கி என்று கேலி செய்தார்கள். பல நாவல்கள், அதிலும் மர்ம நாவல்கள், இந்த ஆலையில் அரைபட்டன. இயக்குநர் மைக்கேல் பவல் மாதிரி ஆட்கள் தொழில் கற்றுக்கொண்டதும் அங்கேதான். 1938-ல் சட்டத்தைத் திருத்தி, குறைந்தபட்சச் செலவு இவ்வளவு இருந்தால்தான் கோட்டாவில் சேரும் என்று ஆக்கினார்கள்.

நம் படம் அதற்குப் பிறகு வந்தது. எடுத்தது டெனம் ஸ்டுடியோவில். தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டா கட்டி 1936-ல் திறந்த பெரிய இடம் அது. அப்படியென்றால் குவிக்கி என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் 1937-ல் பிரிட்டிஷ் சினிமாவில் பணப் புழக்கம் படுத்துவிட்டது. பெரிய மேடைகள் காலியாகக் கிடந்தன. அந்த நேரத்தில் பெரிய நட்சத்திரம் இல்லாமல், அளவாகச் செலவழித்து, பெரிய ஸ்டுடியோவின் வசதியில் எடுத்த படம். இடைப்பட்ட சாதி. லேப் காட்சிகள், அலுவலக அறைகளைப் பாருங்கள், செட் எதுவும் பிச்சைக்காரத்தனமாக இருக்காது. காசு மிச்சம் பிடித்தது ஆள் கூட்டத்திலும் மைதானத்திலும்தான்.

பழையரீல்:

சரியான விளக்கம், கொட்டகைக்காரர் ஐயா. நான் சொல்ல வந்த சிக்கனமும் அதுதான்.

துப்புதுலக்கி, "என்ன எடுத்தார்கள்" என்று கேட்டீர்கள். ஸ்லேடை நீங்கள் கோமாளி என்கிறீர்கள், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். லெஸ்லி பேங்க்ஸின் முகத்தைக் கவனித்தீர்களா? முதல் உலகப் போரில் காயம்பட்டு அவருக்கு முகத்தின் ஒரு பக்கம் பாதி செயலிழந்துபோனது. சிரிப்புக் காட்சிகளுக்கு ஒரு பக்கத்தையும் கடுமையான காட்சிகளுக்கு மறுபக்கத்தையும் கேமராவுக்குக் காட்டுவார் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. அந்தக் கண்ணோடு இந்தப் படத்தைப் பாருங்கள். தொப்பியை மாற்றிக்கொண்டு ஏதோ அசட்டுத்தனமாகப் பேசிக்கொண்டே வருவார். எதிரே இருப்பவன் கொஞ்சம் தளர்வான். அப்போது மெதுவாகத் திரும்புவார். குரல் மாறாது. முகம் வேறு ஆளுடையதாக இருக்கும்.

பாலே பாவாடைக் காட்சியும் சும்மா வைத்ததில்லை. இந்த ஆள் கொலை விசாரணையையும் மேடை நிகழ்ச்சியாகத்தான் நடத்தப் போகிறார், யார் எங்கே நிற்க வேண்டும் என்று அவரே சொல்லப் போகிறார் என்பதற்கு அது முன்னோட்டம்.

துப்புதுலக்கி:

அதை நான் மறுக்கவில்லை. பேங்க்ஸ் நன்றாகத்தான் நடித்திருக்கிறார். ஆனால் அவரை ரசித்துக்கொண்டிருக்கும்போது துப்புகள் எங்கே போயின? நாவலில் விஷம் எப்படி உள்ளே போனது, யாருக்கு எப்போது வாய்ப்பிருந்தது என்று நேரக்கணக்கு போட்டுப் பார்க்கலாம். படத்தில் அதைக் கடகடவென்று சொல்லிவிட்டு அடுத்த ஜோக்குக்குப் போய்விடுகிறார்கள். கண்டுபிடிக்கிற சுகத்தைக் கொடுக்காமல், கண்டுபிடிக்கிறவரை வேடிக்கை பார்க்க வைக்கிறார்கள்.

துப்பும் நகைச்சுவையும் சேர்ந்து வர முடியாது என்று நான் சொல்லவில்லை. 1946-ல் வந்த கிரீன் ஃபார் டேஞ்சரைப் பாருங்கள். அதுவும் நாவலிலிருந்து வந்ததுதான், அதிலும் அலஸ்டர் சிம் கோணங்கித்தனமான இன்ஸ்பெக்டர்தான். ஆனால் துப்பு ஒவ்வொன்றும் நம் கண் முன்னால் இருக்கும்.

முட்டைபோண்டா:

பார்த்துவிட்டேன். என் சந்தேகப் பட்டியலில் முதலில் இருந்தது கிரெட்டா கிண்ட் நடித்த பாத்திரம். அந்த அம்மாவின் உடுப்பைப் பார்த்தாலே ஏதோ செய்திருப்பார் என்று தோன்றுகிறது. சரியா தவறா என்று யாரும் சொல்ல வேண்டாம்!

வேகம் எனக்குப் பிடித்திருந்தது. ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. இன்றைக்கு இதே கதையை எட்டு எபிசோடாக இழுத்து, மூன்றாவதில் இன்ஸ்பெக்டரின் விவாகரத்து, ஐந்தாவதில் அவருடைய சின்ன வயசு என்று போயிருப்பார்கள்.

ஒரு சந்தேகம்: கூட்டத்தில் ஏன் எல்லோரும் தொப்பி போட்டிருக்கிறார்கள்? பெண்களே கண்ணில் படவில்லையே?

வடக்குமேடை:

அதுதான் அன்றைய சனிக்கிழமைக் கூட்டம். ஏதோ ஒரு தொப்பி இல்லாமல் ஆண்கள் வெளியே கிளம்பாத காலம். பெண்களும் வந்தார்கள், ஆனால் கொஞ்சம் பேர்தான். கதைப்படி அவர்கள் கற்பனை ஆட்டம் பார்க்கிறார்கள், நிஜத்தில் லீக் ஆட்டம் பார்க்கிறார்கள். அத்தனை பேரும் சம்பளமில்லாத துணை நடிகர்கள். நுழைவுக் கட்டணம் வேறு கொடுத்தார்கள்!

ஹைபரிக்கு கேமராவும் மைக்கும் புதுசு இல்லை. இங்கிலாந்தில் கால்பந்து ஆட்டத்தின் முதல் நேரடி ரேடியோ வர்ணனை 1927 ஜனவரி 22-ல் அங்கேதான், ஆர்சனல் - ஷெஃபீல்டு யுனைடெட். 1937 செப்டம்பரில் பிபிசி தொலைக்காட்சி முதல் தடவையாகக் கால்பந்து காட்டியதும் அங்கேதான், ஆர்சனலும் அதன் ரிசர்வ் அணியும் ஆடியது. பக்கத்துச் சுரங்க ரயில் நிலையத்தின் கில்லெஸ்பி ரோடு என்ற பெயரையே 1932-ல் ஆர்சனல் என்று மாற்ற வைத்த கிளப் அது. சினிமாக்காரன் வந்து கதவைத் தட்டினால் விடுவார்களா? அலிசன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போயிருப்பார்.

வெட்டுமேசை:

இந்த விளம்பரக் கோணம் முக்கியம். படம் முழுக்க ஆர்சனல் சுத்தம், கண்ணியம், கட்டுப்பாடு. ஒரு வீரனும் முகம் சுளிக்க மாட்டான். படத்தின் சாயம் வெளுக்கிற இடம் எனக்கு அதுதான். நிஜ வீரர்கள் உடை மாற்றும் அறையில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். மைதானத்தில் இறங்கினால் உயிர் வந்துவிடும்.

கொட்டகைக்காரர்:

பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள் என்கிறீர்கள். எனக்கு அவர்களைப் பார்க்கும்போது வேறு நினைப்பு. படம் எடுத்த சில மாதத்தில் போர் வந்துவிட்டது. புதிய லீக் பருவம் மூன்று ஆட்டத்தோடு நின்றது. அந்த மே 6 ஆட்டத்துக்குப் பிறகு முழுசாக ஒரு லீக் பருவம் நடந்து முடிய 1947 ஆகிவிட்டது. ஹைபரியை வான்தாக்குதல் தற்காப்பு மையமாக எடுத்துக்கொண்டார்கள். வடக்கு ஸ்டாண்டின் கூரை குண்டில் போனது. ஆர்சனல் தன் ஆட்டங்களைப் பரம எதிரி டாட்டன்ஹாமின் மைதானத்தில் ஆட வேண்டி வந்தது. பாஸ்டின், ஹாப்குட், டிரேக் மூவரின் உச்ச காலமும் அதோடு சரி. படம் மக்களிடம் வந்தபோதே திரையில் இருந்த உலகம் போய்விட்டிருந்தது.

டிக்கின்சன் அடுத்து எடுத்தது கேஸ்லைட், 1940. அதை ஹாலிவுட்டின் எம்ஜிஎம் வாங்கி, தன் ரீமேக்குக்கு இடைஞ்சல் என்று பழைய நெகட்டிவை அழிக்கப் பார்த்தது தனிக் கதை. பின்னால் அவர் லண்டனில் சினிமா பாடம் நடத்தி பேராசிரியர் ஆனார். பாடம் நடத்திய கலைப் பள்ளியின் பெயர் ஸ்லேடு! இன்ஸ்பெக்டர் விடவில்லை அவரை.

லண்டன்வாசி:

மைதானம் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. ஆர்சனல் 2006-ல் காலி செய்துவிட்டுப் பக்கத்திலேயே புது ஸ்டேடியத்துக்குப் போய்விட்டது. பழைய இடம் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. 1936-ல் கட்டிய கிழக்கு ஸ்டாண்ட் பாதுகாக்கப்பட்ட கட்டிடம் என்பதால் அதன் தெருப்பக்க முகப்பை இடிக்கவில்லை. ஆட்டம் நடந்த புல்தரை தோட்டமாகிவிட்டது. சுற்றிலும் ஸ்டாண்ட் இருந்த இடத்தில் பால்கனிகள். படத்தில் டாய்ஸ் விழும் இடம் எது என்று அடையாளம் தேடுகிறவர்களுக்கு இப்போது கிடைப்பது புதர்ச் செடிதான்.

பிரென்ட்ஃபோர்டுக்கும் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். 1947-ல் முதல் டிவிஷனிலிருந்து இறங்கியவர்கள் 2021-ல்தான் மேல் மட்டத்துக்குத் திரும்பினார்கள். திரும்பி வந்து ஆடிய முதல் ஆட்டம் ஆர்சனலோடு. இரண்டுக்குப் பூஜ்ஜியம் என்று ஜெயித்தார்கள். இந்தத் தடவை சொந்தப் பெயரிலேயே.

முட்டைபோண்டா:

கடைசிக் கேள்வி. நாவல் முதலிலா, படம் முதலிலா? நான் படத்தைப் பார்த்துவிட்டேன், இனி நாவல் படித்துப் பிரயோசனம் உண்டா?

துப்புதுலக்கி:

உண்டு. பிரிட்டிஷ் லைப்ரரி தன் கிரைம் கிளாசிக்ஸ் வரிசையில் மறுபதிப்பு போட்டிருக்கிறது, தேடி அலைய வேண்டியதில்லை. முடிவு தெரிந்திருந்தாலும் விசாரணை அத்தியாயங்களை ரசிக்கலாம். கிரிபிள் ஆட்டத்தை வர்ணிக்கும் பக்கங்களில் மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். அந்த விஷயத்தில், சரி, படம்தான் ஒரு படி மேல்.

பழையரீல்:

ஒரு படிதானா?

துப்புதுலக்கி:

ஒரு படிதான். பாலே பாவாடைக்கு அரைப் படி கழித்துக்கொள்ளுங்கள்.